மாலை அறுவது துளையில்தான்

சுட்ட களிமண் மணிகளால் கோத்த மாலை அறுந்தால் பழி கயிற்றின் மேல்தான் விழுகிறது. அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் இழைகள் அரைபட்டு, பஞ்சாகித் தேய்ந்திருக்கும். துளையின் விளிம்பு உப்புத்தாள் போல வேலை செய்ததன் தடம் அது.

அந்த விளிம்பு மண் பச்சையாக இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. கொழகொழத்த மண்ணில் ஊசியைக் குத்தினால் மணி நசுங்கும். ஊசி வெளியே வரும் பக்கத்தில் மண் பிதுங்கி, முள்ளாகக் காயும். முழுக்கக் காய்ந்தபின் துளைத்தால் விரிசல் விடும். நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், உருவம் குலையக் கூடாது: அதுதான் பதம். ஊசியைத் திருகியபடி பாதி வரை செலுத்தி, மீதியை மறுபக்கத்திலிருந்து துளைத்தால் இரண்டு வாயும் ஒழுங்காக அமையும். காய்ந்த பிறகு ஈரப்பஞ்சால் விளிம்பை மழுக்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குப் போகும்.

மண் சுருங்கும்போது துளை அகலும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. மணியோடு துளையும் அதே விகிதத்தில் சுருங்கும். சுருக்கம் 8% என்றால், 13 மி.மீ. மணி 12 ஆகும்; 2.2 மி.மீ. துளை 2 ஆகும். சுருக்கம் மண்ணுக்கு மண் மாறும் என்பதால், முதலில் ஒரு மணியைச் சுட்டு அளந்துவிடுவது நல்லது.

சூளையில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கட்டத்தில் அவசரம் கூடாது. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நீராவி மணியை வெடிக்க வைக்கும். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணின் கட்டமைப்போடு பிணைந்த நீரும் வெளியேறும். அதன் பிறகு மணி தண்ணீரில் கரைந்து மறுபடி சேறாகாது. உறுதி வேண்டுமென்றால் 900 டிகிரிக்கு மேல் போக வேண்டும். சந்தேகமா? ஒரு மணியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள்; சேறானால் சூடு போதவில்லை.

இனி கோர்ப்பது. மெழுகு பூசிய 1 மி.மீ. பருத்திக் கயிற்றில் இறுக்கிய சாதாரண முடிச்சு சுமார் 2.5 மி.மீ. பருமன் வரும். 2 மி.மீ. துளையில் அது நுழையாது, 3 மி.மீ. துளையில் வழுக்கி உள்ளே போய்விடும். மணிக்கு மணி முடிச்சிட்டால் மணிகள் ஒன்றோடொன்று உரசாது, கயிறு அறுந்தாலும் எல்லாம் கொட்டாது. முடிச்சை மணிக்கு அருகில் கொண்டுவர, அதன் வளையத்துக்குள் ஓர் ஊசியை விட்டு நகர்த்தி, இறுக்கும் தருணத்தில் ஊசியை உருவிவிடுங்கள்.

கயிறு எவ்வளவு நீளம் வேண்டும்? 12 மி.மீ. மணிகள் 24 என்றால் 25 முடிச்சு. மணிகள் 29 செ.மீ.; முடிச்சுக்கு ஒரு செ.மீ. வீதம் 25, இரு முனைக்கும் தலா 30. மொத்தம் 114 வருகிறது. கைப்பிடிக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டராக வெட்டினால் தவிக்க வேண்டியதில்லை.

கொக்கி வைத்தால் முரட்டு மணிகளின் அழகு கெடும் என்பது என் கட்சி. கையால் நகர்த்தி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவு முடிச்சே போதும்: ஒவ்வொரு முனையையும் மறுகயிற்றின் மேல் 3 அல்லது 4 சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். உராய்வுக் கெழு (பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றுகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.3 என்று கொண்டால், ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இழுவிசை ஏறத்தாழ ஆறரை மடங்கு குறையும். அதனால்தான் நுனியில் எஞ்சும் சொற்ப விசை முடிச்சை அவிழ்க்கப் போதுவதில்லை. இரண்டு சுற்றோடு நிறுத்தினால் மாலையின் எடையே அதை நழுவ வைக்கலாம். ஆறு சுற்று போட்டால் விரல் வலிக்கும்.