கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

கார்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் பலரும் சர்வீஸுக்கு வருகிறார்கள். "மாட்டி மட்டும் கொடுங்க, போதும்" என்பார்கள். மூடியைக் கழற்றினால் கார்டு உள்ளே போகாது. போனாலும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயர் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) இருக்காது. பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பில் எந்த கார்டு போடலாம் என்பதை முடிவு செய்வது நீங்கள் ஆட நினைக்கும் கேம் இல்லை, அந்தப் பெட்டிதான்.

டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டவை. நல்ல உழைப்பாளிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே இருப்பதற்கு எவ்வளவு கரண்ட் வேண்டுமோ அதற்குக் கொஞ்சம் மேலேதான் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பார்கள். 240, 255, 290 வாட் என்பதெல்லாம் இவற்றில் சாதாரணம்.

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை விட்டுவிட்டு, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். 17 ஆம்பியர் என்றால் 204 வாட். சில லேபிள்களில் 12 வோல்ட்டையே 12விஏ, 12விபி என்று இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அவற்றைக் கூட்டக் கூடாது. மொத்தம் இவ்வளவுதான் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதுதான் கணக்கு.

ஒரு உதாரணம். ஐ5 6500 பிராசஸர் 65 வாட். 75 வாட் கார்டு ஒன்று போடுகிறோம். மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 வாட் வைத்தால் மொத்தம் 180. 12 வோல்ட்டில் இதற்கு மேல் தரும், நல்ல நிலையில் இருக்கும் 240 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். பத்து வருடம் தூசியோடு ஓடிய எஸ்எம்பிஎஸ் என்றால் அதே எண்ணை நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

இந்த 75 வாட் என்ற எண் முக்கியம். மதர்போர்டில் கார்டைச் சொருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி வயர் வரவேண்டும்: 6 பின் வயர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் வயர் 150 வாட். சின்ன கேபினெட் மாடல்கள் சிலவற்றில் அந்த 75 வாட்டையும் முழுதாகக் கொடுப்பதில்லை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஸ்லாட்டுக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தனி வயர் இல்லாதபோதுதான் மக்கள் அடாப்டரைத் தேடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் குட்டி வயர் எங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்றே பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மூன்றும் சேர்ந்து 54 வாட். அதை நம்பி 150 வாட் கேட்கக்கூடிய கார்டை மாட்டுகிறார்கள். "கேம் ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது" என்று வந்த ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அந்த பிளக் பழுப்பேறி, ஓரம் உருகி, இழுத்தால் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பிழைத்தன என்பது அவருடைய அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் அப்போது தானாக ஆஃப் ஆகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

"சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே?" மாற்றலாம், ஆனால் முதலில் மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கை எண்ணுங்கள். 24 பின் இருந்தால் சாதாரண எஸ்எம்பிஎஸ் சேர வாய்ப்புண்டு. 2013-க்குப் பிறகு வந்த பல பிராண்டட் மாடல்களில் அந்த இடத்தில் 6 பின் அல்லது 8 பின் மட்டும்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கான கரண்ட்டும் மதர்போர்டிலிருந்தே போகும். அதற்கு மாற்று வயர்கள் உண்டு. உங்கள் மாடலின் பெயர் சொல்லியே அந்த வயர் விற்கப்படுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்பதை நம்பவேண்டாம். பிளக் உள்ளே நுழைகிறது என்பதால் வயரிங்கும் சரி என்று அர்த்தமில்லை. 1990-களின் பிற்பகுதியில் வந்த டெல் கம்ப்யூட்டர்களில் பிளக் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறு. தெரியாமல் சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்டியவர்கள் மதர்போர்டைப் புகைத்தார்கள். சின்ன கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் வடிவமே வேறு, அங்கே சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்டும் பேச்சே இல்லை.

அளவு விஷயம் சுலபம்தான், ஆனாலும் அதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கேல் எடுத்து மூன்றை அளக்கவேண்டும்: ஸ்லாட்டிலிருந்து எதிரே ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை நீளம், பின்பக்கத் தகட்டின் உயரம், பக்கத்து ஸ்லாட்டுக்கு இருக்கும் இடைவெளி. சின்ன கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது குட்டைத் தகடும் கூட வருகிறதா என்று கேளுங்கள். தகடு இல்லாத லோ ப்ரொஃபைல் கார்டு ஸ்லாட்டில் ஆடிக்கொண்டே நிற்கும்.

தனி வயர் கேட்காத கார்டுகள் என்று பார்த்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் 75 வாட். இவற்றிலும் 6 பின் வைத்த மாடல்கள் உண்டு, அதனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-ல் இன்னும் கவனம் வேண்டும். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட், ஸ்லாட் கரண்ட்டிலேயே ஓடும். 2022-ல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட், தனி வயர் இல்லாமல் ஓடாது. பெயர் ஒன்றுதான், மெமரி அளவை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

53 வாட் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 இந்தப் பெட்டிகளுக்காகவே செய்ததுபோல் தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்லாட்டில் டேட்டா போய்வர பதினாறு பாதைகள் இருந்தாலும் இந்த கார்டு நான்கைத்தான் பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸின் 4.0 பதிப்பில் நான்கு பாதை என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், பரவாயில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருப்பது 3.0, அங்கே அது பாதியாகிவிடும். இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர் என்றால் 2.0, அதிலும் பாதி. கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்து ராமுக்குப் போய்வர ஆரம்பித்ததும் கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இது இன்னும் ஆகாது, ஏனென்றால் முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் வீடியோ என்கோடரே இதில் கிடையாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் நன்றாக ஓட ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) வேண்டும். பழைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

மாட்டியபின் திரை கறுப்பாகவே இருக்கிறதா? முதலில் மானிட்டர் வயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மதர்போர்டின் பழைய போர்ட்டிலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய. பழைய விஜிஏ மானிட்டர் என்றால் 1050 டிஐ முதற்கொண்டு இந்தக் கார்டுகள் எதிலும் அனலாக் சிக்னல் வராது, சிக்னலை மாற்றும் கன்வர்ட்டர் வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பார்க்கவேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புது முறை இல்லாத பழைய பயாஸில் புதிய கார்டுகள் சில படமே காட்டாது. அதனால் பயாஸ் அப்டேட் இருந்தால் கார்டை மாட்டுவதற்கு முன்பே, பழைய டிஸ்ப்ளேயில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். அப்புறம் போடலாம் என்றால் திரையில் எதுவும் தெரியாமல் எப்படிப் போடுவது?

செகண்ட் ஹேண்டில் போலிகளும் சுற்றுகின்றன. என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறை கார்டில் இருக்கும் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். விண்டோஸும் அதை அப்படியே நம்பும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படிப்பட்ட என்விடியா போலி கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டும். பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அசல் 1050 டிஐ கிடைத்தாலும் இன்று நான் அதை முதலில் சொல்வதில்லை. ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு கேம்களுக்கான புது டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் அதே 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். உங்கள் பெட்டி அதற்கு முந்தையது என்றால் கார்டுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். 8 ஜிபி ராம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தில் 6 பின் கேட்காத 1650 ஒன்று கிடைக்கிறதா என்று தேடுங்கள்.