வடிவாய்க்காலிலிருந்து தொடங்கும் திட்டம்

மழைநீர் ஒரே இடத்துக்கு வடிந்து சேரும் நிலப்பரப்பைச் சீர்படுத்தும் நீர்வடிப்பகுதி மேம்பாடு என்றாலே சம உயர வரப்பு, தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை என்ற பட்டியலைத்தான் எங்கள் துறையில் பலரும் எடுத்து நீட்டுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மேட்டு நிலங்களுக்கு அது சரி. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டமாகக் கிடக்கும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண் வயல்களில் அந்தப் பட்டியலுக்கு வேலையே இல்லை. காவிரி டெல்டாவில் தண்ணீரின் தரத்தைக் காக்க நினைப்பவர், முதலில் வயலில் மிஞ்சிய நீரை வெளியேற்றும் வடிவாய்க்காலின் கரையில் நடந்து பார்த்துவிட்டுப் பிறகுதான் வரைபடத்தை விரிக்க வேண்டும் என்பது, வேளாண் பொறியாளராகப் பல ஆண்டுகள் இங்கே திரிந்த பிறகு எனக்குப் பிடிபட்ட பாடம்.

காரணம் எளிது. இங்கே ஒருவருடைய வடிகால் இன்னொருவருடைய பாசனம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தில் கோரையாறு, பாமணியாறு எனக் கிளைத்து வயல்களுக்குப் போகிறது. வயலில் மிஞ்சியது வடிவாய்க்கால் வழியாக மறுபடியும் ஆற்றில் விழ, கீழே உள்ள மதகு அதையே அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுகிறது. இப்படிப் பல வயல்களைக் கழுவிய நீரின் மிச்சம் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற கோடியக்கரை ஈரநிலமும் அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. “நான் போட்ட யூரியா, கீழப் பங்குக்காரருக்கு இலவசம்தானே சார்” என்று ஒரு விவசாயி சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வாய்க்காலை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தின்றுகொண்டிருந்தது.

கணக்கைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. நீர் நிற்கும் நெல் வயலில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி அம்மோனியாவாகவும் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் கலக்கிறது. வரப்பு வழிந்து ஓடுவது நமக்குத் தலைவலி. ஆனால் இதே நெல் வயலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: காற்றுப் புகாத சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள், தழைச்சத்தின் நீரில் கரையும் வடிவமான நைட்ரேட்டைச் சிதைத்துவிடுவதால், தண்ணீர் உள்ளேயே சில நாட்கள் தங்கினால் வெளியேறும்போது அதன் சுமை குறைந்திருக்கும். ஆகவே உரமிட்ட பிறகு, வயல் நீர் வெளியேறும் வழியான மடையை அடைப்பதுதான் டெல்டாவின் மிக மலிவான பாதுகாப்பு முறை என்பது என் தீர்மானம். நீரைக் குறைக்க வேண்டுமானால் உரமிடுவதற்கு முன்பே குறைத்துவிட்டு, சேறு தெரியும் நிலையில் உரத்தை இட்டு, பிறகு மடையைச் சேறு வைத்து இறுக்க வேண்டும். நண்டு வளை போட்ட வரப்பில் மடையை மட்டும் அடைத்துப் பயனில்லை என்பதால், வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போதே வளைகளை மிதித்து மூடிப் பூச வேண்டும்.

சிக்கல் சம்பாப் பருவத்தில்தான். வளரும் பயிருக்கு மேலுரம் இடும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. காலையில் யூரியாவைத் தூவி, இரவில் மழை கொட்டி, பயிர் மூழ்காமலிருக்க மறுநாளே மடையை வெட்டிவிட்ட வயல்களை நவம்பரில் எண்ணி முடியாது. வானிலை அறிவிப்பைப் பார்த்து இரண்டு நாள் தள்ளிப்போடுவதும், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் பச்சை குறைந்தால் மட்டும் இடுவதும், யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம்புண்ணாக்கு 1 என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவதும் ஆற்றைக் காப்பதோடு பணத்தையும் காக்கும். குறுவைக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதவர்களுக்கு மேலுரத் தேவையே குறைகிறது.

களைக்கொல்லிக்கும் இதே விதிதான். நட்ட சில நாட்களில் இடும் பியூட்டாகுளோர் போன்றவற்றுக்கு 2.5 செ.மீ. நீர் நிறுத்தி, இரண்டு நாளாவது வடிக்காமல் வைத்தால்தான் மருந்தும் வேலை செய்யும். தெளிப்பானை வாய்க்கால் படித்துறையில் கழுவும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் ஆடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

இனி என் தவறு ஒன்று. ஒரு வடிவாய்க்காலின் இரு கரையிலும் வெட்டிவேர் வரிசை நட்டு, கரை மண்ணும் அதோடு போகும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நீரில் கரையாமல் தடுக்கலாம் என்று திட்டம் போட்டோம். தூர் நன்றாகக் கட்டி, இடுப்பளவு வளர்ந்தும் விட்டது. மேட்டூர் திறப்புக்கு முந்தைய கோடையில் தூர்வார வந்த பொக்லைன், ஒரே பகலில் அத்தனையையும் வழித்துக் கரைமேல் குவித்துவிட்டது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை. தூர்வாரும் அட்டவணையைக் கேட்காமல் நட்டது நாங்கள். இப்போது இயந்திரம் நிற்கும் கரையை விட்டுவிட்டு எதிர்க்கரையில் மட்டும் நடுகிறோம். வடிவாய்க்கால் ஆற்றில் சேருமுன் பழைய குட்டை இருந்தால், தண்ணீரை அதற்குள் சுற்றவிட்டு வண்டலைத் தங்கவைக்கிறோம். அங்கே வளரும் சம்பும் கோரையும் சத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து வெளியே எடுக்காவிட்டால், அழுகி உறிஞ்சியதை அப்படியே திருப்பித் தந்துவிடும்.

எல்லாப் பழியையும் உழவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கரையோர நகரங்களின் சாக்கடை எங்கள் வாய்க்கால்களிலும் கலக்கிறது. அதனால்தான் நீர் மாதிரியை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் ஒன்றுமாக ஒரே நாளில் எடுக்கச் சொல்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஊரின் பங்கு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. வடிகால் கரையில் உள்ள கைப்பம்புத் தண்ணீரையும் அதோடு சேர்த்துச் சோதித்துவிட வேண்டும்.

நான் போய்வரும் ஓர் ஊரில், வாய்க்காலின் மேல்பக்கத்து வயல்காரர்களான தலைமடைக்காரர்கள் மேலுரம் இடும் தேதியை டீக்கடையில் தொங்கும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார்கள். கீழே உள்ள கடைமடைக்காரர்கள் அதைப் பார்த்து, அந்த நாட்களில் வடிவாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்கு இறைப்பதில்லை. நோட்டின் முதல் சில பக்கங்களில் பால் கணக்கு இருக்கிறது.