ஆச்சி ‘முறுக்கு’ என்றால் பூஜ்யமா?

பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறுபவருக்குச் செய்யும் சோதனைகளில் ஒன்று, படம் காட்டிப் பெயர் கேட்பது. இதில் பேர்போனது போஸ்டன் பெயரிடல் சோதனை. மொத்தம் 60 கோட்டுப் படங்கள். எளிது என்று ‘கட்டில்’ முதலில், கடினம் என்று ‘அபாகஸ்’ கடைசியில். அமெரிக்கர்களின் புழக்கத்தை வைத்துப் போட்ட வரிசை அது. காரைக்குடியில் அபாகஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளை 60ஆவது படத்தைப் பட்டென்று சொல்லிவிடும். அதற்கு வெகு முன்னால் வரும் பிரெட்சலில் (முடிச்சுப் போட்டதுபோல் வளைத்துச் சுடும் மேல்நாட்டுப் பலகாரம்) முழிக்கும். பள்ளத்தூர் ஆச்சியோ அதே பிரெட்சலை ‘முறுக்கு’ என்பார். கண் சரி, நினைவு சரி, மதிப்பெண் பூஜ்யம்.

தமிழில் மாற்றிக் கேட்டாலும் இது தீராது. தொடர்ந்து பல படங்கள் தவறினால் சோதனையை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு விதி. வரிசை குலைந்த இடத்தில் இந்த விதியைப் பிடித்துக்கொண்டால், பின்னால் இருக்கும் தெரிந்த படங்களைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

சொல் மறந்துபோனதா, முதலிலேயே தெரியாததா? முக்கியமான கேள்வி இதுதான். பெயர் வராவிட்டால் 20 விநாடி பொறுக்க வேண்டும். வீட்டார் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால்தான் பாதிச் சோதனை கெடுகிறது. பிறகு ‘இது எதுக்கு ஆச்சி?’ என்று கேட்கலாம். கொட்டானைப் பார்த்து, ‘ஓலையில முடையிறது, பலகாரம் வைக்கிறது’ என்று விரலால் முடைந்து காட்டினால் பொருள் தெரிகிறது, பெயர்தான் சிக்கவில்லை. ‘கொ...’ என்று முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தால் பலருக்கு வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் நாலு பெயர் சொல்லி எது என்று கேட்பது. இக்லூ என்ற பனிக்கட்டி வீட்டைப் பார்த்தே இராதவருக்கு இதில் எதுவும் பயன்படாது. அந்தப் படத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

சோதனைக்கு வரும்போது மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்காதீர்கள். வீட்டில் புழங்கும் இருபது சாமான்களைப் போனில் படம் எடுத்து, உங்கள் வீட்டில் சொல்லும் பெயரோடு கொண்டுவாருங்கள்: மங்குத் தட்டு, பணியாரக் கல், அகப்பை. படிப்பு, தொழில், பேசிய மொழிகளையும் சொல்லுங்கள். மலேயாவில் கடை பார்த்த ஐயாவுக்கு மலாய்ச் சொல் முதலில் வரலாம். அது உளறல் அல்ல.

பெயர் சொல்லத் திணறும் பிள்ளைகளுக்கு வேறு வழி. காது கேட்கும் திறனைப் பார்த்துவிட்டு, தெரியாத மூன்று சொற்களைப் பொருளைக் கையில் கொடுத்தே பழக்கி, மறுநாள் கேட்போம். சட்டென்று பிடித்துக்கொண்டால் இதுவரை அந்தச் சொல் காதில் விழவில்லை என்றே பெரும்பாலும் பொருள். திரும்பத் திரும்பப் பழக்கியும் நிற்காவிட்டால்தான் விரிவான பரிசோதனை.

அறிக்கையில் வெறும் எண் மட்டும் இருந்தால், எந்தெந்தப் படங்கள் தவறின, குறிப்பு கொடுத்ததும் எத்தனை வந்தன என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.