ஸ்பூஃபிங் ஊடுருவல் அல்ல, ஆள்மாறாட்டம்

"எங்க மெயில் ஹேக் ஆயிடுச்சு" என்று கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர்களும் ஓசூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருப்பவர்களும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. செய்திகளில் 'மின்னஞ்சல் ஊடுருவல்' என்று எழுதுகிறார்கள், அதுவே பேச்சில் ஹேக் ஆகிறது. என்ன நடந்தது என்று விசாரித்தால் பல நேரம் இதுதான்: காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் 'போய்ச் சேரவில்லை' என்று திரும்பி வந்த மெயில்கள் குவிந்து கிடக்கின்றன, அதில் ஒன்றுகூட இவர்கள் அனுப்பியதில்லை. எவனோ ஒரு ஸ்பேம்காரன் இவர்களுடைய டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, அனுப்புநர் இடத்தில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். இதற்குத்தான் ஸ்பூஃபிங் என்று பேர்.

ஸ்பூஃப் என்பது ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் உண்டாக்கிய ஏமாற்று விளையாட்டின் பெயர். 1884-ல் இருந்தே அச்சில் கிடைக்கிறது. அங்கிருந்து கேலி, போலிசெய்தல் என்று பொருள் விரிந்து கணினிக்கு வந்து சேர்ந்தது. பிறந்த கதை அவ்வளவுதான்.

இது எப்படி முடிகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகும்போது அனுப்புநர், பெறுநர் என்று எழுதினோமே, அந்த அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் தபால் பெட்டி வாங்கிக்கொள்ளும். மெயிலும் அப்படித்தான். மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்காக 1982-ல் வெளியான எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புகிறவன் தன்னை யாரென்று சொல்கிறானோ அதை அப்படியே நம்புவதுதான் ஏற்பாடு, சரிபார்க்க வழியே வைக்கவில்லை. அதனால் உங்கள் டொமைனைப் போட்டு அனுப்ப உங்கள் பாஸ்வேர்டு அவனுக்குத் தேவையில்லை, உங்கள் சர்வர் பக்கம் அவன் எட்டிப் பார்த்திருக்கக்கூட மாட்டான். (அனுப்புனர் என்று எழுதாதீர்கள், அனுப்புநர்தான் சரி.)

இப்போது ஊடுருவலுக்கு வருவோம். ஊடு என்றால் உள், நடு. ஊடுருவுவது என்றால் உள்ளே புகுந்து துளைத்துப் போவது. எல்லையில் ஊடுருவல் என்றால் ஒருவன் எல்லையைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். ஸ்பூஃபிங்கில் யாரும் எங்கும் நுழையவில்லை. நுழையாததை நுழைந்ததாகச் சொல்கிற சொல் எப்படிக் கலைச்சொல் ஆகும்? சொல்தானே, போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம், இந்தச் சொல்லை நம்பி மனிதர்கள் செய்கிற காரியங்கள். பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்கிறார்கள், புதிதாக ஆன்டிவைரஸ் வாங்குகிறார்கள், ஆனாலும் மெயில் திரும்பி வருவது நிற்பதில்லை, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. அப்புறம் துபாயில் இருக்கும் வாடிக்கையாளருக்கு 'எங்கள் மெயில் ஹேக் ஆகிவிட்டது' என்று இவர்களே எழுதிவிடுகிறார்கள். அவர் தன்னுடைய ஆர்டர், விலை, வங்கி விவரம் எல்லாம் வெளியே போய்விட்டது என்று பயந்துபோகிறார். நடக்காத திருட்டுக்கு இவர்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிறது.

உண்மையான ஊடுருவலும் நடக்கத்தான் செய்கிறது. மெயில் கணக்குக்குள்ளேயே புகுந்து, நடந்துகொண்டிருக்கும் பேச்சின் நடுவில் 'வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று எழுதிப் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்குப் பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும், யார் எங்கிருந்து லாகின் ஆனார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எதற்கு எந்த மருந்து என்று எப்படித் தெரியும்?

ஸ்பூஃபிங்குக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு 'மின்னஞ்சல் ஏமாற்றுதல்'. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியது. பரிசு விழுந்திருக்கிறது என்று வருவதும் ஏமாற்றுதான், பாஸ்வேர்டைக் கறக்க வலைவீசுகிற ஃபிஷிங்கும் ஏமாற்றுதான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. மொழிபெயர்க்கிறவர்கள் அந்தப் பொருள் வேலை செய்கிற விதத்தை ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் இந்தத் தொல்லையில் பாதி இருக்காது.

போலி என்று வைக்கலாமா என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை. போல் என்பதிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆவதும், அறம் அறன் ஆவதும் போலிதான், அங்கே மோசடி எதுவும் இல்லை. அதோடு 'போலி மின்னஞ்சல்' என்றால் மெயிலே பொய் என்றுதான் படுகிறது, யாருடைய பெயர் திருடப்பட்டது என்பது மறைந்துவிடுகிறது.

நம்மிடம் ஆள்மாறாட்டம் என்ற சொல் தயாராக இருக்கிறது. பத்திரப்பதிவில் வேறு ஆளை நிற்க வைத்தாலும், பரீட்சையை வேறு ஆள் எழுதினாலும் தர்மபுரியில் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு தண்டிப்பதும் கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத்தான்: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே ஸ்பூஃபிங்குக்கு 'அனுப்புநர் ஆள்மாறாட்டம்' என்பதே சரி. நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும்.

சொல் சரியானால் மருந்தும் தெரிந்துவிடும். ஆள்மாறாட்டம் என்றால் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். எந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று டொமைனுக்கான பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப், மெயிலில் கையொப்பம் வைப்பது டிகிம். ஆனால் எஸ்பிஎஃப் மட்டும் போதாது, அது சோதிப்பது சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரியை, படிப்பவர் கண்ணில் படும் அனுப்புநர் பெயரை அல்ல. அந்தப் பெயரோடு இரண்டையும் பொருத்திப் பார்த்து, பொருந்தாததை என்ன செய்வதென்று பெறுகிற சர்வருக்குச் சொல்வது டிமார்க். முதலில் 'நன்' (none, எதையும் தடுக்காதே) என்று வைத்து, டிமார்க் வழியாக வரும் அறிக்கைகளைப் பாருங்கள், உங்கள் மெயில்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியானதும் 'குவாரன்டைன்' (ஒதுக்கி வை), பிறகு 'ரிஜெக்ட்' (திருப்பி அனுப்பு). நேரே ரிஜெக்ட்டுக்குத் தாவினால் உங்கள் சொந்த பில்லே போய்ச் சேராமல் போகலாம்.

வாடிக்கையாளருக்கு எழுதும்போது இப்படி எழுதுங்கள்: "எங்கள் டொமைன் பெயரில் யாரோ ஆள்மாறாட்டம் செய்து மெயில் அனுப்புகிறார்கள். எங்கள் கணக்கில் யாரும் நுழையவில்லை. வங்கிக் கணக்கு மாறியதாக எந்த மெயில் வந்தாலும் பணம் போடும் முன் எங்களைப் போனில் கேளுங்கள்." இரண்டாவது வரியை எழுதும் முன் லாகின் பதிவுகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.