மாத்திரை அட்டை பாதியாகும்போது

சுகாதாரத்துக்கு நிதி குறைந்தால் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பூட்ட மாட்டார்கள். கதவு திறந்திருக்கும், டாக்டரும் இருப்பார். ஆனால் ஒரு மாதத்துக்குக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளுக்குத்தான் கிடைக்கும். ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநரின் இடம் காலியாகவே கிடக்கும். கொங்குப் பகுதி அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்: நிதி வெட்டு அந்தப் பெயரோடு வருவதே இல்லை.

அரசு மருந்து எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாகும். எடுக்கும் மருந்தின் விலை கழியும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது. இதில் பணியாற்றியதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பாஸ்புக்கில் வரவு இருந்தால்தானே மருந்து எடுக்க முடியும்? ஒதுக்கீடு போன ஆண்டு இருந்த தொகையிலேயே நின்றாலும் அது வெட்டுதான். மருந்து விலை ஏறியிருக்கும், நோயாளிகள் கூடியிருப்பார்கள். வீடு தேடிப் போய்ப் பரிசோதித்து மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்த பிறகு, தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்த எத்தனையோ பேர் கணக்குக்குள் வந்தார்கள். நல்ல காரியம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும்.

பல்லடம் பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் ஓர் அம்மா. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சர்க்கரைக்கு மெட்பார்மினும் வாங்க வருவார். இருப்புக் குறைவாக இருந்த ஒரு மாதம், பாதி கொடுத்து, மீதிக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறேனுங்க. மாதத்துக்கும் வந்துவிடும்" என்றார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. அன்றைக்கு ஓட்டாத தறிக்குக் கூலியும் இல்லையே!

ரத்த அழுத்தம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதில்லை. அரைகுறையாக மருந்து போட்டவருக்குப் பக்கவாதம் வரலாம், சிறுநீரகம் கெடலாம். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதற்கும் அரசுக் காப்பீட்டில்தான் பணம் போகிறது. மாத்திரையில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அங்கே செலவாகிறது.

காசநோயில் இது இன்னும் ஆபத்தானது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறி, வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவலாம். 2024-ல் மத்தியக் கொள்முதல் தாமதமாகிப் பல மாநிலங்களில் தட்டுப்பாடு வந்தது. திருப்பூரில் ஓர் அறையில் பல பேராகத் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். தாளவாடி, பர்கூர், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் செவிலியர் பணியிடம் காலியானால், அவசரத்துக்கு ஓடத் தனியார் கிளினிக்கும் பக்கத்தில் இருக்காது.

2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. எட்டவில்லை. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் மத்திய அரசு 60, தமிழ்நாடு 40 சதவீதம் ஏற்க வேண்டும். யாருடைய பங்கு தாமதமானாலும் முதலில் அடி வாங்குவது அதில் வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம். மூன்று மாதச் சம்பளம் வராத செவிலியர் எத்தனை நாள் அதே முகத்தோடு ஊர் ஊராகப் போவார்?

புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. சர்க்கரைப் பரிசோதனைக்கான வேதிப்பொருளுக்கு இல்லை. அதனால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நமது சுகாதார நிலையத்தில் எத்தனை இடம் காலி? எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

மாத்திரை குறைவாகக் கிடைத்தால் நீங்களாகவே பாதியாக்க வேண்டாம். மீதி எப்போது வரும் என்று மருந்தாளுநரிடம் கேட்டு, சீட்டில் தேதியை எழுதி வாங்குங்கள். அதற்குள் தீர்ந்துவிடும் என்றால் சிகிச்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.