அவர் கேட்டது காளானைப் பற்றி

வாசகி ஒருவரின் கேள்வி: "நான் படிக்கும் நாவலில் காதலன் கோழை, காதலி பொய்க்காரி. இருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நள்ளிரவு தாண்டியும் புத்தகத்தை மூட முடியவில்லை. ஏன்?"

கண்ணின் வேலையை விரைவாகக் கடந்துவிடலாம். பார்வை வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. மூளையின் இடப்பக்கப் பின்பகுதி எழுத்துகளைச் சொல்லாக அடையாளம் காண்கிறது. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் கோஸ்னிஷெவ் என்ற அறிஞர், வாரென்கா என்ற பெண்ணிடம் தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்க முடிவெடுத்துக் காட்டில் அவளுடன் நடக்கிறார். சொற்களைக்கூட மனத்துக்குள் அடுக்கிவிட்டார். அவளுக்கும் அது தெரியும். அந்த நேரம் பார்த்து அவள் காளானைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். அவரோ, இந்தக் காளானுக்கும் அந்தக் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்! உதடு நடுங்க அவள் விடை சொல்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது.

இதைத் தமிழில் அடுக்கிப் பாருங்கள். அவர் கேட்க விரும்புகிறார் என்று அவள் அறிந்திருக்கிறாள் என்று அவர் ஊகிக்கிறார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். மூன்று 'என்று', நான்கு மனநிலைகள். ஒவ்வொரு 'என்று'ம் ஒரு மனத்தை இன்னொரு மனத்துக்குள் வைத்து மூடுகிறது. நம் மொழி இதற்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறது!

உளவியலாளர் ராபின் டன்பார் உள்ளிட்டோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய அடுக்கு ஐந்தை எட்டியபோது, கதை கேட்டு விடை சொன்னவர்களின் பிழைகள் சட்டென்று பெருகின. வெறும் நிகழ்ச்சிகளைக் கோத்துச் சொன்னபோது ஆறாவது படியிலும் அந்தத் தடுமாற்றம் இல்லை. 2003இல் மூளை ஆய்வாளர்கள் ரெபேக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒருவரின் தவறான நம்பிக்கையைப் பற்றிய கதையைப் படிக்கும்போது காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக உள்ள மூளைப்பகுதி சுறுசுறுப்பாகிறது. பழையதாகிப்போன புகைப்படம் தவறான தகவல் தரும் கதைக்கு அது அப்படி அசைந்துகொடுப்பதில்லை. பொய்யான படம் வேறு, ஏமாந்த மனம் வேறு என்று அதற்குத் தெரிகிறது.

இனி என் ஊகம். இலட்சியக் காதலர்கள் நினைத்ததைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே 'என்று'வில் வேலை முடிந்தது. கோழையும் பொய்க்காரியும் வாயைத் திறந்தாலே நமக்கு மூன்று அடுக்கு வேலை. அந்த வேலையின் ருசிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நாவல் படித்தால் பெண்பிள்ளை கெட்டுப்போகும் என்பது பழைய மூடநம்பிக்கை. இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடும் என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னதும் அதன் தலைகீழ் வடிவம் பரவியது. 2018இல் புகழ்பெற்ற 21 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 13 மட்டுமே தேறின, இது தேறவில்லை. புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பணத்தில் பாதியாவது இப்படிச் சரிபார்ப்பதற்குக் கிடைக்க வேண்டும் என்பேன்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கோழைக் காதலன் அடுத்த அத்தியாயத்தில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதில் எத்தனை 'என்று' என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.