அம்புக்குறியை அழுத்தினால் அடைப்புக்குறி விழுகிறதா? கேபிளைத் திட்டாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செய்பவர்களிடம் ஒரு பழக்கம். கணினியிலிருந்து கேபிள் வழியே போர்டுக்குக் கட்டளை தட்டும் சீரியல் கன்சோலில் கர்சர் தாறுமாறாக ஓடினால் முதல் பழி உப்புக்காற்றுக்கு. "கனெக்டர் அரிச்சிடுச்சு சார்" என்று யூஎஸ்பி சீரியல் கேபிளை மாற்றுவார்கள். அதிலும் அப்படியே என்றால் புட்டி என்ற டெர்மினல் மென்பொருளை விட்டு வேறு டெர்மினலுக்குத் தாவுவார்கள். இந்த வாரமும் அதே புகார். போர்டில் கட்டளைகளை வாங்கும் ஷெல்லின் நிரலைத் திறந்து பார்க்க மட்டும் ஆளில்லை.

கடலோரத்தில் கனெக்டர் அரிப்பது உண்மைதான். ஆனால் அரித்த கனெக்டர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யாது. ஒருமுறை எழுத்து விடுபடும், மறுமுறை குப்பை வரும். இரு பக்கமும் அனுப்பும் வேகம் (பாட் ரேட்) பொருந்தாவிட்டால் எல்லா எழுத்தும் கெடும். இடது அம்பை அழுத்தும்போதெல்லாம் பிசகாமல் ஒரு சதுர அடைப்புக்குறியும் ஒரு டி எழுத்தும் வந்தால், அது துரு செய்கிற வேலையா? இன்னும் சந்தேகமென்றால் போர்டைக் கழற்றிவிட்டு, கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் ஜம்பரால் இணைத்துத் தட்டிப் பாருங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிளை விட்டுவிடுங்கள்.

கர்சர் டெர்மினலுடையது. போர்டுக்கு வருவது பைட்டுகள் மட்டுமே. இடது அம்பு என்பது 27 (எஸ்கேப்), 91 (சதுர அடைப்புக்குறி), 68 (டி). வலதுக்குக் கடைசி பைட் 67. அச்சாகாத எழுத்து என்று 27ஐ மட்டும் எறிந்துவிட்டு மற்ற இரண்டையும் பஃபரில், அதாவது தட்டும் வரியைச் சேர்த்துவைக்கும் நினைவகத்தில், சேர்ப்பதால்தான் அந்த டி. மூன்றையும் பஃபரில் போட்டு அப்படியே டெர்மினலுக்குத் திருப்பி அனுப்பும் (எக்கோ செய்யும்) ஷெல் இன்னும் மோசம்: திரையில் கர்சர் அழகாக நகரும், பஃபரில் குப்பை சேரும், கண்ணுக்குச் சரியாக இருக்கும் கட்டளை "தெரியாத கட்டளை" என்று திரும்பும். மூன்று நிலை (சாதாரணம், 27 வந்தது, 91 வந்தது) கொண்ட சிறிய ஸ்டேட் மெஷின் போதும். 27க்குப் பிறகு 50 மில்லி விநாடி எதுவும் வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புங்கள்.

பேக்ஸ்பேஸுக்குப் புட்டி வழக்கமாக 127 அனுப்பும், சில டெர்மினல்கள் 8. தயவுசெய்து இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப 8 மட்டும் போதாது. அது நகர்த்தும், அழிக்காது. 8, 32, 8 என்று அனுப்புங்கள். வரி காலியாக இருந்தால் ஒன்றுமே அனுப்பாதீர்கள், வரித் தொடக்கத்தில் ஷெல் காட்டும் பிராம்ப்ட்டைத் தின்றுவிடும்.

வரியின் நடுவில் எழுத்தை நுழைக்கும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். பஃபரில் வாலை, அதாவது கர்சரிலிருந்து வரி முடிவு வரையுள்ள எழுத்துகளை, சி மொழியின் மெம்மூவ் கொண்டு ஓரிடம் தள்ளுங்கள். பழைய இடமும் புது இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இங்கே மெம்காப்பி கூடாது. புது எழுத்தையும் வாலையும் அச்சிட்டு, வாலின் நீளத்துக்கு இடப்பக்கம் திரும்புங்கள்: 27, 91, எண், 68. எண்ணை இலக்க எழுத்தாக அனுப்ப வேண்டும், வெறும் பைட்டாக அல்ல. வால் பூஜ்யமென்றால் இதை அனுப்பவே கூடாது. பூஜ்யத்தையும் டெர்மினல் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு எழுத்தும் முந்தையதன் மேலேயே விழும். "கர்சர் தானா பின்னாடி போகுது" என்ற புகார் வந்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள். நடுவில் அழிக்கும்போது வாலை அச்சிட்டதும் 27, 91, 75 அனுப்பி மிச்சத்தைத் துடைத்துவிட்டுத் திரும்புங்கள்.

பிராம்ப்ட்டுக்குப் பச்சை பூசுகிறவர்கள், அந்த நிறக் குறியீட்டின் 5 பைட்டை நீளக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழில் தட்டிப் பார்க்க ஆசையென்றால், ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எண்ண முடியாது: "கி" யூடிஎஃப்-8 குறியீட்டில் 6 பைட். ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும்தான் என்றால் 127க்கு மேல் வருவதை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தட்டிக்கொண்டிருக்கும் வரிக்கு நடுவே போர்டின் பதிவுச் செய்தி (லாக்) விழுந்தால்: 13 (வரித் தொடக்கத்துக்கு), பிறகு 27, 91, 75, லாக், 13, 10 (அடுத்த வரிக்கு), மறுபடி பிராம்ப்ட்டும் பஃபரும், கடைசியாகக் கர்சரைப் பழைய இடத்துக்கு. நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் இன்டரப்ட்டுக்குள்ளிருந்து நேரே அச்சிடாதீர்கள். க்யூவில் போடுங்கள், ஷெல் டாஸ்க் அச்சிடட்டும்.